உள்ளே ஒரு இழுப்பு

— “ஆவியில காட்டினா எல்லாம் வழவழன்னு ஆயிடுமாமே, அப்புறம் ஏன் இந்த அம்மைத் தழும்பை மட்டும் விட்டு வச்சிருக்கீங்க?” இப்படித்தானேக்கா எங்க வீட்டுக்காரர் அன்னிக்கு உன்னைக் கேட்டாரு?

— “இத்தனை நாளா” விட்டுட்டே. இத்தனை நாளா ஏன் விட்டு வச்சிருக்கீங்கன்னு கேட்டாரு. அந்தக் கையுறையை எடு.

— எப்படி ஞாபகம் வச்சிருக்கே பாரு. விளையாட்டுக்குக் கேட்டதுக்கா. நீயும்தானே சிரிச்சே.

— சிரிச்சேன். என்னைப் பொண்ணு பாக்க வந்தவர் முன்னாடி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதேன்னு அம்மா சொல்லியிருந்தாங்க.

— இப்ப அதே மனுஷனுக்காகத்தான் காலையிலேருந்து நிக்கிறே. சத்தியமா, இந்த மருந்து நாத்தத்துல எப்படித்தான் இருக்கியோ. எனக்குக் கிறுகிறுங்குது.

— ஆவிப் பெட்டி மேல குனியாதே. கதவுப் பக்கமா நில்லு.

— காத்தாடி ஓடாதா?

— அது நின்னு ரொம்ப நாளாச்சு. முதலாளிகிட்ட சொன்னா, உன் மூக்குதான் பழகிடுச்சேம்மாங்கிறாரு.

— இந்தப் பிளாஸ்டிக் கட்டையைப் பாரேன். காலையில ஓட்டைக்குள்ள எல்லாம் பனி படிஞ்ச மாதிரி இருந்துச்சு, இப்ப தண்ணி மாதிரி இருக்கு.

— துணி போட்டுத் தேய்க்க முடியாத இடத்துல மருந்து ஆவி நுழைஞ்சு வழவழன்னு ஆக்கிடும். ரத்தம் சோதிக்கிற மெஷினுக்குள்ள போற கட்டை, ஓட்டை சொரசொரன்னு இருந்தா ரத்தம் அங்கேயே ஒட்டிக்கும். தொடாதே.

— தொட்டுட்டேன்க்கா.

— அதானே. மேல்தோல் இன்னும் இளகிக் கிடக்குடி. உன் ரேகை அதுலயே நின்னுடும். சரி விடு, அதைத் தள்ளி வை.

— ஒரு தரம் தொட்டதுக்கா?

— உனக்கு ஒரு தரம் போதுமே. நீ தொட்டது எல்லாம் உன்னோடது ஆயிடும்.

— குத்திக் காட்டாதே. அவரை நானா கூப்பிட்டேன்? தண்ணி கொண்டு வந்து வச்சேன், அவ்வளவுதான்.

— என் தோட்டைப் போட்டுக்கிட்டுக் கொண்டு வந்து வச்சே. சரி விடு.

— அடுப்பு ஏன்க்கா ஆறிக் கிடக்கு? நான் இங்க வேலைக்கு வந்தப்போ பக்கத்துல போக முடியாது, அவ்வளவு சூடா இருக்கும்.

— நீ எங்கடி வேலைக்கு வந்தே? ஒரு வாரம் முழுசா இல்ல. மூஞ்சி கெட்டுப் போயிடும்னு அழுதுட்டு ஓடிட்டே.

— கெடுறதுக்கு எனக்கு ஒரு மூஞ்சி இருந்துச்சேக்கா.

— ம்.

— கோவிச்சுக்காதே. அந்த அடுப்பு எதுக்குன்னாவது சொல்லு.

— பிளாஸ்டிக் கட்டையைக் குடைஞ்ச உடனே ஆவியில காட்டக்கூடாது. குடையும்போது உள்ள ஒரு இழுப்பு ஏறி நிக்கும். அடுப்புல வச்சு, மெதுவா சூடாக்கி மெதுவா ஆற விட்டா அது தளரும். தளராம ஆவியில காட்டினா மேல கண்ணாடியா மின்னும். உள்ள இழுத்துக்கிட்டே இருக்கும்.

— இழுத்தா என்ன ஆகும்?

— அன்னிக்கு ஒண்ணும் தெரியாது. மறுநாள் பாத்தா சிலந்தி வலை கட்டின மாதிரி உடம்பு பூரா விரிசல்.

— இதெல்லாம் அடுப்புல வச்சு எடுத்ததுதானே?

— நீ வர்றதுக்கு முன்னாடியே எல்லாம் ஆச்சு. அட்டைப்பெட்டியில பஞ்சு வச்சு அடுக்கு, இடுக்கு விடாம.

— நாளைக்கு அவர் கம்பெனியில பெரிய ஆளுங்க எல்லாம் கூடி இந்தக் கட்டைங்களைப் பாப்பாங்களாம். நல்லா வரலைன்னா அவர் வேலை போயிடும், நேத்தே சொன்னேன்ல.

— சொன்னே.

— போச்சுன்னா பெட்டி படுக்கையோட நாங்க உன் வீட்டுக்குத்தான் வரணும்.

— வாங்க. இடம் இருக்கு.

— என்னக்கா தனியா சிரிக்கிறே?

— ஒண்ணுமில்ல. மூடியை அழுத்திக் கட்டு.

— கட்டியாச்சு. இனிமே சத்தியமா என்னால வாயை மூடிட்டு இருக்க முடியாது. அவர் வேலைக்கு ஒரு ஆபத்தும் இல்லக்கா.

— என்னது?

— கம்பெனியிலயே ஆவி ரூம் போடுறாங்க. பெரிய காத்தாடி, கண்ணாடிக் கதவு, எல்லாம் புதுசு. அதைப் பாத்துக்க ஒரு ஆள் வேணும். அவரு உன் பேரைக் கொடுத்திருக்காரு. நாளைக்கு ஒவ்வொரு கட்டைக்கும் முன்னாடி உன் பேரைத்தான் எழுதி வைக்கப் போறாங்க.

— அப்புறம் ஏன்டி அவர் வேலை போயிடும்னு சொன்னே?

— அவரு உள்ளதைச் சொல்லித்தான் கேக்கச் சொன்னாரு. நான்தான் மாத்திட்டேன். உங்கக்கா கை மாதிரி வராது, உங்கக்கா கை மாதிரி வராதுன்னு வீட்டுல ஒரே பாட்டு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அவருக்கு ஒரு கெடுதல்னா நீ என்ன செய்வேன்னு பாக்கணும்னு இருந்துச்சு.

— பாத்துட்டியா?

— பாத்தேன். காலையிலேருந்து பச்சைத் தண்ணி குடிக்காம நின்னிருக்கே. எனக்குத்தான் அற்ப புத்தி. நீ அந்த ரூமுக்கு வந்துடுக்கா. இங்க கிடந்து சாகாதே.

— பெட்டியைக் குடு.

— எதுக்கு? அவரு வெளிய வண்டியில காத்துக்கிட்டிருக்காரு.

— குடுன்னா குடு. திரும்பச் செய்யணும். ரெண்டு நாள் தவணை கேளு.

— இதுல என்ன குறை? தண்ணி மாதிரி இருக்கு.

— அடுப்புல வைக்கலை.

— எந்தக் கட்டையை?

— ஒண்ணையும் வைக்கலை.

— மறந்துட்டியாக்கா?

— மறக்கலை.

— அவர் வேலை போயிடும்னு நான் சொன்னதுக்கு அப்புறமா?

— நீ சொன்னதாலதான்டி. என்ன அப்படிப் பாக்குறே? திட்டு. அறையணும்னா அறை. பெட்டியைத் தூக்கிட்டு எங்க போறே? ஏய், எதாவது சொல்லிட்டுப் போ. அவர்கிட்ட வேணும்னா சொல்லிக்கோ, ஊரையே கூட்டிச் சொல்லிக்கோ. பெட்டியை மட்டும் வச்சிட்டுப் போடி.