நான்காம் குளத்து நீலம்

இந்த நீலம் சூடான பாலில் நிற்காது. ஆறிய பாலில்தான் கலக்க வேண்டும். வாங்கிப் போகிறவர்களில் பாதிப் பேர் கொதிக்கக் கொதிக்க ஊற்றிவிட்டு, நிறம் போய்விட்டது, போலிச் சரக்கு என்று சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்வதும் என் வேலைதான். பொறுமை எனக்கு இயல்பாகவே வரும் ஐயா.

நாங்கள் வளர்க்கிற சுருள்பாசி, ஸ்பைருலினா என்பார்களே அது, பார்க்கப் பச்சையாக இருக்கும். நீலம் அதற்குள்ளே இருக்கிறது. அலசி, குளிர்ந்த நீரில் ஊறவைத்து வடித்தால் நீலம் தனியே இறங்கிவிடும். அதை உலர்த்திய தூளில் ஒரு பங்கு, உடம்புக்கு நல்லது என்று குப்பிகளில் போகும். மீதி, இனிப்பும் ஐஸ்கிரீமும் செய்கிறவர்களிடம் நிறத்துக்காகப் போகும். பிள்ளைகளுக்குச் சாயப்பொடி வேண்டாம், இயற்கையானதுதான் வேண்டும் என்று கேட்கிற பெற்றோர் பெருகிவிட்டார்கள். அவர்களை நம்பித்தான் எங்கள் தொழிற்சாலை.

மொத்தம் ஆறு தொட்டிகள். நாங்கள் குளம் என்று சொல்வோம். முதலாளி என் அக்காவின் கணவர். பரிசோதனை அறை பதினாறு வருஷமாக என் பொறுப்பு. எதையும் சொட்டுச் சொட்டாக அளந்து பார்ப்பதால் அங்கே எனக்குத் 'துளி' என்று பெயர். மாமா வைத்த பெயர். வருகிற வியாபாரிகளிடமும், "இது நம்ம துளி, கடலைக் கொடுத்தாலும் சொட்டு சொட்டா எண்ணித்தான் வாங்குவான்" என்றுதான் அறிமுகம் செய்வார். எல்லாரும் சிரிப்பார்கள். அதில் எனக்கு வருத்தம் இருந்ததே இல்லை. இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

மழைக் காலத்தில் நான்காம் குளத்தின் கூரைத் தகடு ஒன்று பிய்ந்து, பத்து நாள் மழையும் உள்ளே இறங்கியது. சுருள்பாசி, சோடா உப்புக் கரைத்த காரமான தண்ணீரில்தான் தனியாட்சி செய்யும். காரம் குறைந்தால் கண்டதும் நுழைந்துவிடும். அடுத்த வாரம் நுண்ணோக்கியில் பார்த்தபோது, சுருள்களுக்கு நடுவே உருண்டை உருண்டையாக இன்னொரு பாசி கூட்டம் போட்டிருந்தது. பார்த்ததும் எனக்கு அது எதுவென்று தெரிந்துவிட்டது. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நூத்துக்கு எவ்வளவு இருக்கும்?" என்றார்.

"நாலு மாமா."

"அப்ப தொண்ணூத்தாறு நல்லது. நீ படிக்கிறப்ப என்னைக்காவது தொண்ணூத்தாறு வாங்கியிருக்கியா மாப்ள?"

"இது கல்லீரலைப் பிடிக்கும் மாமா. காய்ச்சினாலும் போகாது. குளத்தை வடிச்சிடலாம்."

"வளந்து நிக்கிறதை வடிக்கிறதா? இந்தத் துளியூண்டுக்கு யாருக்கும் ஒண்ணும் ஆகாது. நீ சான்றிதழ்ல கையெழுத்தைப் போடு."

கதவு வரை போனவர் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டு, "எனக்கு எடுத்துவைக்கிறதை மட்டும் ஒண்ணாம் குளத்துலேருந்து எடு" என்றார்.

மாமா தினமும் காலையில் ஒரு கரண்டி நீலத்தூளைப் பாலில் கலந்து குடிப்பார். நம் சரக்கை நாமே சாப்பிடாவிட்டால் வேறு யார் சாப்பிடுவார்கள் என்பது அவர் வாதம். வாரத்துக்கு ஒரு ஜாடி நான்தான் நிரப்பிக் கொடுப்பேன்.

அன்று மாலை யோசித்துப் பார்த்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று அவர் சொன்னார். ஆகும் என்று நான் சொன்னேன். இரண்டும் வெறும் பேச்சு. பேச்சைச் சோதித்துப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். திங்கட்கிழமை ஜாடியை நான்காம் குளத்துத் தூளால் நிரப்பினேன். பதிவேட்டில் புதுப் பக்கம் எடுத்து 'நாள் ஒன்று' என்று எழுதினேன்.

ஒரு மாதம் ஆகியும் மாமா கல்லுக்குண்டு மாதிரி நடமாடினார். முகத்தில் களைகூட ஏறியிருந்தது. இந்த இடத்தில் அவசரக்காரனாக இருந்தால் அவர் சொன்னதே சரி என்று விட்டிருப்பான். ஆனால் ஒருவர் பல வருஷம் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதுதானே கேள்வி. அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. அதனால் அந்த உருண்டைகளை மட்டும் பிரித்து, பல வருஷத்துக்கு உரியதைச் சில வார ஜாடிகளில் அடக்கினேன். கணக்கு ஒன்றுதான். காலத்தை மட்டும் கொஞ்சம் மடித்துக்கொண்டேன்.

நாற்பத்தோராம் நாள் சனிக்கிழமை. அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா பசியில்லை என்று பாதி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். அக்கா பேசிக்கொண்டே அதை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டாள்.

"நீ எப்பலேருந்துக்கா இதைக் குடிக்கிறே?" என்றேன்.

"அவர் என்னைக்குடா முழுசாக் குடிச்சிருக்கார்? மிச்சம் எப்பவும் எனக்குத்தான். நீ பாத்துப் பாத்துப் பண்ணித் தர்றது, கீழ ஊத்த மனசு வரல."

உடனே வீட்டுக்கு வந்து பதிவேட்டை எடுத்தேன். நாற்பத்தோரு நாளும் முழு டம்ளர் என்று எழுதியிருந்தேன். அத்தனையும் தவறு. ஒவ்வொரு பக்கமாக அடித்து, பாதியாகத் திருத்தினேன். மிகவும் அயர்ச்சியாக இருந்தது. பிறகு அளவுகோலை வைத்துக் கோடு இழுத்து அக்காவுக்கென்று தனிப் பத்தி ஒன்று போட்டேன்.

என்னை வளர்த்தவள் ஐயா அவள். அம்மா போன பிறகு, என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் அவள் வேலைக்குப் போவாள். அதனால்தான் அவள் பத்தியில் ஒரு நாள்கூட விடுபடாமல் பார்த்துக்கொண்டேன். எடை குறைந்தவள், அவளிடம்தான் முதலில் தெரியும் என்று நினைத்தேன். அது நடக்கவில்லை. எழுபதாம் நாள் வாக்கில் மாமாவுக்குத்தான் முதலில் கண் மஞ்சளானது. என் ஊகம் தப்பியதையும் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறேன்.

மருத்துவமனையில் டாக்டர் அக்காவையும் என்னையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "எத்தனை வருஷமாக் குடிக்கிறார்?"

"பால்தான் டாக்டர் குடிப்பார்" என்றாள் அக்கா.

டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மாமா கட்டிலில் பத்தொன்பது நாள் கிடந்தார். நினைவு தெளிவாக இருந்த கடைசி நாளில் பக்கத்தில் உட்கார்ந்து, "நாலாம் குளம் மாமா" என்றேன். எந்த நாளில் எவ்வளவு என்று பதிவேட்டைப் பார்த்து வரிசையாகப் படித்தேன். கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பதினாறு வருஷத்தில் குறுக்கே பேசாமல் அவர் என் பேச்சை முழுதாகக் கேட்டது அன்றுதான். படித்து முடித்துப் போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

அவர் இறந்தபோது, குடிப்பழக்கத்தால் இருக்கலாம் என்று காகிதத்தில் எழுதினார்கள். அதை என்னால் தாங்க முடியவில்லை. மாமாவிடம் ஆயிரம் குறை இருக்கலாம், ஆனால் அவர் அதை மோந்து பார்த்தவர்கூட இல்லை. ஒரு மனிதரைப் பற்றித் தவறாகப் பதிவாகக் கூடாது. மறுநாள் பதிவேட்டைக் கொண்டுபோய் டாக்டர் மேசையில் வைத்தேன். இரண்டு பக்கம் படித்துவிட்டு அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். நீங்கள் வந்தது அதன் பிறகுதான்.

அக்காவையும் அதே மாடியில்தான் சேர்த்திருக்கிறார்கள். நீங்கள் என்னை அழைத்துப் போகும்போது வாசலில் ஒரு நிமிஷம் நிற்கவிட்டீர்கள். "நான் குடிக்கிறது உனக்குத் தெரியுமாடா?" என்று கேட்டாள். நாற்பத்தோராம் நாளிலிருந்து தெரியும் என்றேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பொய் சொல்லியிருக்கலாம். அவளிடம் எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு எழுதிப்போட்டிருக்கலாமே என்று கேட்டீர்கள். எழுதியிருக்கலாம். மாமா வந்தவர்களைச் சிரிக்கவைத்தே அனுப்பியிருப்பார். குளத்தையாவது வடித்திருக்கலாமே என்றும் கேட்டீர்கள். வால்வுச் சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது. ஒரு திருப்புத் திருப்பினால் குளம் ஒரு மணி நேரத்தில் காலி. ஆனால் அப்படிச் செய்திருந்தால் எங்கள் இருவரில் யார் சொன்னது சரி என்பது கடைசிவரை தெரியாமலே போயிருக்கும்.

பாக்கித் தூள் எங்கே என்றால், அது போய்விட்டது ஐயா. அந்த மூன்று மாதத்தில் பதினோரு முறை அனுப்பினோம். ஒன்பது முறை பிள்ளைகளுக்கான இனிப்பு செய்கிற இடத்துக்கு. தரச் சான்றிதழ் பதினொன்றிலும் இருப்பது என் கையெழுத்துத்தான். நிறுத்தியிருக்கலாம், உண்மைதான். ஆனால் சோதனை முடியாத நிலையில் ஒரு சரக்கைக் கெட்டது என்று எழுத எனக்கு ஆதாரம் இல்லை. ஆதாரமில்லாமல் கையெழுத்துப் போடுகிற ஆள் நான் இல்லை.

எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டிருப்பார்கள் என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். அதை நான் பதிவு செய்யவில்லை. பதிவில் இல்லாத ஒன்றைப் பற்றி ஏதாவது சொன்னால் அது வெறும் ஊகமாகிவிடும்.