பாலத்துக்கு அந்தப்பக்கத்துப் பச்சை அட்டைகள்

கிட்டே வா கண்ணு. அந்த நாற்காலியின் கால் ஆடும், இதில் உட்கார். நீ என்னை விசாரிக்க வந்திருக்கிறாய், தெரியும். ஆனால் விசாரணை என்றால் எனக்குப் பாதி மறந்துபோகும்; கதை என்றால் தங்குதடையில்லாமல் வரும். அதனால் ஒரு கதை சொல்கிறேன். வேண்டியதை நீ எழுதிக்கொள்.

முதலில் என் வேலை. எங்கள் எலும்பு நல ஆராய்ச்சித் திட்டத்தில் தரவுகளை அலசுகிறவள் நான்தான். தெருத் தெருவாக வண்டி போகும். வயதான பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலை ஒரு பெட்டிக்குள் வைப்பார்கள். ஒலியலை எலும்புக்குள் ஓடி ஓர் எண்ணைக் கொண்டுவரும். அந்த எண் என் மேஜைக்கு வரும். நாங்கள் வைத்த எல்லைக் கோட்டுக்கு மேலே இருந்தால் பச்சை அட்டை. எலும்பு பலமாக இருக்கிறது என்று அர்த்தம். கீழே இருந்தால் சிவப்பு அட்டை. ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மாத்திரை தொடங்குவார்கள்.

எங்கள் பெட்டிகளில் ஒன்றுக்கு நர்ஸுகள் ‘சோம்பேறி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கண் விழிக்கவே அவ்வளவு நேரம் எடுக்கும். ஒவ்வொரு பெட்டியும் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ காட்டும். அதனால் வண்டி கிளம்பும் முன், என்ன எண் காட்ட வேண்டும் என்று தெரிந்த ஒரு பிளாஸ்டிக் கட்டையை அதில் வைத்துப் பார்ப்பார்கள். எவ்வளவு பிசகுகிறதோ அதற்குத் தக்க திருத்தத்தை நான் கணக்கில் போடுவேன். நான் போட்டதை யாரும் மறுபடி பார்ப்பதில்லை. “அக்கா போட்டா கரெக்டா இருக்கும்ப்பா” என்பார் பெரிய டாக்டர். நல்ல மனிதர், பாவம்.

இப்போது என் அம்மா. அவள் சமையலறை வாசலில் வழுக்கி விழுந்தபோது நான் வேலைக்குப் போயிருந்தேன். வீட்டில் இருந்தது என் அண்ணி. பொழுது சாய்ந்து நான் வந்தபோதும் அம்மா தரையிலேயே கிடந்தாள். முகமெல்லாம் வியர்வை, ஒரு கால் கோணலாகத் திரும்பியிருந்தது. அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“வந்துட்டியா? உங்கம்மா காலைலேருந்து நாடகம் போடறாங்க. தாண்டித் தாண்டித்தான் சமைச்சேன்.”

“அண்ணி, அவங்களால எந்திரிக்க முடியலை.”

“முடியும். நீ இல்லாதப்ப எல்லாம் முடியும்.”

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் நடிக்கலைடி” என்றாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அதன் பிறகு அவள் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. டாக்டரிடமும் ஊசி போட வந்தவளிடமும், உயிர் போகும் வரைக்கும் ‘நான் நடிக்கலை’ என்பதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அண்ணிக்கும் வயதானது. அண்ணன் போன பிறகு பாலத்துக்கு அந்தப்பக்கம் தனியாகக் குடியிருக்கிறாள். எங்கள் வண்டி அந்தப் பகுதிக்குப் போகப் போகிறது என்று தெரிந்த அன்று, ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கு நன்றாகப் பசித்தது.

நான் அவளைத் தள்ளிவிட நினைத்தவள் இல்லை. அது அசிங்கம். விழுவதும் பெரிதில்லை கண்ணு. விழுந்த பிறகு யாரும் நம்பாமல் கிடக்க வேண்டும். கையில் பச்சை அட்டையை வைத்துக்கொண்டு வலிக்கிறது என்று அழும்போது, “உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா, சும்மா பயப்படறீங்க” என்று ஒருவர் சொல்ல வேண்டும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

ஒரு சங்கடம் இருந்தது. என்னிடம் வரும் தரவில் பெயர் இருக்காது, வீட்டு முகவரி இருக்காது. ஒரு குறியீடு, வயது, பகுதி, எந்தப் பெட்டி, அவ்வளவே. இது யாருடைய எலும்பு என்று அலசுகிறவளுக்குத் தெரியக் கூடாது என்பது விதி. நல்ல விதி. அவரவர் உடம்பு அவரவர் சொந்த விஷயம். ஒரு முறைகூட நான் யார் பெயரையும் எட்டிப் பார்த்ததில்லை. இதை நீ மறக்காமல் எழுத வேண்டும். அவளை மட்டும் தனியாகப் பிரிக்க வழியில்லாததால், அந்தப்பக்கம் போன சோம்பேறிப் பெட்டிக்கே திருத்தத்தைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டேன். அதில் கால் வைத்த எல்லார் எண்ணும் கோட்டுக்கு மேலே ஏறிவிட்டது.

நர்ஸுகளில் ஒல்லியாக இருப்பவள் மட்டும் சிரித்துக்கொண்டே கேட்டாள்: “என்னக்கா, பாலத்துக்கு அந்தப்பக்கம் எல்லாக் கிழவிக்கும் இரும்புக் காலா? ஒரு சிவப்பு அட்டைகூட விழலையே?”

“வெயில்ல நின்னு வேலை செய்யறவங்க. நல்லாத்தான் இருக்கும்.”

“அப்ப நானும் அங்கயே குடி போயிடறேன்.”

அப்புறம் ஒவ்வொருவராக விழுந்தார்கள். பேருந்துப் படியில் விழுந்தவள் தையல்காரி என்பதெல்லாம் நீ சொல்லித்தான் தெரிகிறது. பச்சை அட்டையை நம்பி, சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரையை நிறுத்திய டீச்சர் குளியலறையில் விழுந்து, தேறாமலே போய்விட்டார் என்றாய். பழக்கடைக்காரம்மா முதுகு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்து, ஒவ்வொரு தடவையும் களிம்போடு திரும்பினாராம். உள்ளே முதுகெலும்பு நொறுங்கிக் கிடந்திருக்கிறது. எனக்கு அவர்கள் எண்களாகத்தான் வந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒவ்வொரு முறிவும் தரவில் வந்து சேரும்போது இது அண்ணிதான் என்று நினைத்துக்கொள்வேன். அவள் வயதுதான், அவள் பகுதிதான். இப்படி என் அண்ணி பல தடவை விழுந்தாள். நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

இப்போது நீ அண்ணியைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொல்கிறாய். அவள் வண்டிப் பக்கமே வரவில்லையாமே. “என் கால எவ பெட்டிக்குள்ளயும் விட மாட்டேன், போடி” என்று நர்ஸை வாசலிலேயே திருப்பி அனுப்பினாளாம். மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டு திடமாக இருக்கிறாளாம்.

கேட்டதும் ஏமாந்துதான் போனேன், மறைக்க மாட்டேன். யோசித்துப் பார்த்தால் மனம் லேசாகிவிட்டது. திருத்தத்தை மாற்றியது நான்தான். வேறு யாருக்கும் பங்கில்லை, நர்ஸுகளைத் தொந்தரவு செய்யாதே. ஆனால் நான் தீங்கு நினைத்தது ஒருத்திக்குத்தான். அவள் மேல் ஒரு கீறல்கூட இல்லை. மற்றவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது; அவர்கள் பெயர்கூடத் தெரியாது. அப்படியென்றால் நான் யாரைத்தான் என்ன செய்துவிட்டேன், சொல்.

சரி, நேரமாகிவிட்டது, கிளம்பு. உன் வீட்டிலும் அம்மா இருக்கிறாள் அல்லவா? எந்தப் பகுதி என்று நான் கேட்க மாட்டேன். அது விதிக்கு விரோதம். உன் குடும்பம் நன்றாக இருக்கட்டும் கண்ணு. அங்கே யார் விழுந்தாலும் ஓடி வந்து தூக்க ஒரு கை இருக்கட்டும். வலிக்கிறது என்றால் நம்புகிற ஒரு மனசு இருக்கட்டும்.