எழுதியாயிற்று

எனக்குக் காத்திருப்பது பிடிக்காது, சார். திருமயத்தில் புதுக்கோட்டை பஸ் கொஞ்சம் தாமதமானாலும் ஷேர் ஆட்டோவில் ஏறிவிடுவேன். வேலையும் அதற்கேற்றாற்போல அமைந்துவிட்டது.

வீட்டிலிருந்தபடியே புரோகிராம்களைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஒன்றை உருவாக்கும் குழுவுக்கு வேலை செய்கிறேன். கம்பைலரோடு ஒரு லைப்ரரி வரும். புரோகிராம்களுக்காக ஃபைலைப் படிப்பதும் எழுதுவதும் அதன் பொறுப்பு. அந்த லைப்ரரி என் பொறுப்பு. எங்களுடையது மகா மந்தம் என்று மற்றக் குழுக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். எனக்கு அது உறைத்தது.

முதலில் செய்ததில் தவறில்லை. மளிகைக் கடைக்கு ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு நடை போகாமல் சேர்த்து வாங்கி வருவதுபோல, எழுத வேண்டியதை மெமரியில் சேர்த்து மொத்தமாக டிஸ்க்குக்கு அனுப்பினேன். எல்லோரும் செய்வதுதான். ஆனால் சில புரோகிராம்கள், இப்போதே டிஸ்க்கில் எழுது, முடியும்வரை காத்திருக்கிறேன் என்று கேட்கும். அங்கேதான் நேரம் விரயமானது. எழுதாமலேயே 'எழுதியாயிற்று' என்று உடனே பதில் சொல்ல வைத்தேன். எல்லாக் குழுக்களின் வேகத்தையும் அளந்து பார்க்கும் ஒப்பீட்டில் நாங்கள் முதலிடம்.

என் அக்கா கணவர் அடைக்கலம், கட்டுமாவடியில் மீனவர் சங்கத்துக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டார். படகுகளில் உள்ள கருவி, படகு இருக்குமிடத்தைச் சங்கத்துக்கு அனுப்பும். அது ஃபைலில் பதிவாகும். அதைப் பதிவு செய்யும் புரோகிராமை என் லைப்ரரியை வைத்து நான்தான் செய்து கொடுத்தேன். மச்சான் ஒருமுறை போன் செய்தார்.

"மாப்ள, கரண்டு போயிட்டு வந்தா கடைசியா வந்த இடமெல்லாம் காணாமப் போகுது. என்னன்னு பாரு."

"ஒழுங்கா ஷட்டவுன் பண்ணுங்க மச்சான், எல்லாம் இருக்கும்," என்றேன். டிஸ்க்குக்குப் போகாமல் மெமரியில் இருப்பது கரண்டு போனால் அழிந்துவிடும்; காரணம் எனக்கு அப்போதே தெரியும்.

பெரிய காற்றடித்த அன்று சங்கத்து மீனவர் சவரியப்பனின் படகு திசைமாறிப் போய்க் கவிழ்ந்தது. கவிழும்வரை கருவி இடத்தை அனுப்பியபடிதான் இருந்தது. அதே காற்றில் கரையில் கரண்டு போனது. திரும்ப வந்தபோது ஃபைலில் இருந்தது காலையில் அவர் வலை விரித்த இடம். தேடப் போன படகுகளெல்லாம் அங்கே போயின. அவர் வடக்கே, காலி கேன் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி மிதந்திருக்கிறார். மறுநாள் காலைவரை உயிர் இருந்திருக்கும் என்றார் உடலைப் பார்த்த டாக்டர்.

என்ன நடந்ததென்று பார்த்துச் சொல்லும்படி சங்கத்தார் என்னைத்தான் அழைத்தார்கள். இதெல்லாம் தெரிந்தவன் பக்கத்தில் வேறு யாருமில்லை. நிதானமாகப் பார்த்தேன். கம்ப்யூட்டரை இயக்கியவரின் கவனக்குறைவு என்று சொன்னேன்.

சவரியப்பனின் மனைவி ஷர்லி அங்கேதான் நின்றிருந்தாள். மச்சானைப் பார்த்து, "அவரு எங்கிட்டு இருக்காருன்னு ஒங்க பொட்டிக்குத் தெரியுமாமே, நீங்கதான் அழிச்சுப்புட்டீங்களா?" என்று கேட்டாள்.

மச்சான் என் பக்கம் திரும்பி, "நீ சொன்னா சரியாத்தான் மாப்ள இருக்கும்," என்றார்.

அவருக்கு வேலை போயிற்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஷர்லி வீட்டு வாசலில் போய் நிற்கிறாராம்; அவள் கதவைத் திறப்பதில்லை. அவர் சாப்பிடுவதே இல்லை என்று அக்கா போனில் அழுகிறாள். அவரைப்போல நல்ல மனிதரை நான் பார்த்ததில்லை.

என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். சவரியப்பனை அடக்கம் செய்த அன்றே திருத்தத்தை எழுதி முடித்துவிட்டேன். அதன்படி லைப்ரரி, டிஸ்க்கில் உண்மையிலேயே எழுதி முடித்த பிறகே 'எழுதியாயிற்று' என்று சொல்லும். என்ன, வேகம் பாதிக்கும் கீழே போகிறது. அடுத்த ஒப்பீடு ஐப்பசி கடைசியில். அது முடிந்ததும் வெளியிட்டுவிடுவேன். அதற்குள் பெரிய காற்று எதுவும் அடித்துவிடாது.