பதினாறு இதழ்ப் பூ

ராத்திரி பதினொன்றரை மணி. தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் நான் ஒருவன் மட்டும்... கையில் கோரைப்பாய்ச் சுருட்டு. பாய்க்குள் துப்பாக்கி.

ஐம்பத்தேழாம் வருஷம். ஆயுதபூஜை முடிந்த மறுநாள்... கதை கேட்க உட்கார்ந்திருக்கும் என் பேத்திக்கும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "ஏட்டி சங்கரம்மா, சிரிக்காத. இது வீட்டு வாசல் தாண்டக் கூடாத விஷயம்."

துப்பாக்கி என் தங்கை ஆவுடையம்மாளின் வீட்டுக்காரர் பிச்சைமணியுடையது. பர்மா யுத்தத்திலிருந்து கொண்டுவந்தது. ஜப்பான் குதிரைப்படையின் குட்டைத் துப்பாக்கி. குழலுக்கு அடியில் மடக்குக் கத்தி. குதிரைமேல் பாய்ந்து வந்தவனைச் சுட்டு எடுத்தேன் என்பார். அந்தப் பேச்சில்தான் எங்கள் இரண்டு குடும்பமும் ஊரில் நிமிர்ந்து நடந்தது.

அன்று சாயங்காலம் பஜாரில் கடையம் ஏசுதாசன் என்னைப் பிடித்துக்கொண்டார். பட்டாளத்தில் ஆயுதக் கிடங்கில் இருந்தவர்.

"அண்ணாச்சி, அந்தத் துப்பாக்கியில ஜப்பான் ராசா முத்திரை இருக்கும். பதினாறு இதழ்ப் பூ. சரணடைஞ்சவன் அதை அரத்தால ராவிட்டுத்தான் குடுப்பான். உங்க மாப்பிள்ளை சுட்டு எடுத்தாரா, சும்மா வாங்கிட்டு வந்தாரா... காலையில வந்து பாக்கேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு உறுத்தியது. ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் பிச்சைமணி துப்பாக்கியில் ஒரே இடத்தில்தான் சந்தனம் அப்புவார். அப்புறம் யாரையும் துடைக்க விடமாட்டார். பதினோரு வருஷத்துச் சந்தனம்... அன்று ராத்திரி தங்கை வீட்டிலேயே இருந்து, எல்லாரும் தூங்கியபின் பூஜை அறையில் நகத்தால் பெயர்த்தேன்.

பூ இல்லை. அரம் ராவிய கோடுகள்.

திருட்டுப் போயிற்று என்று சொல்லிக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மேலகரம் தாண்டியதும்... டக்... டக்... குளம்புச் சத்தம். வண்டிக்கார முகம்மது கனியின் ஜட்காவோ என்று ஓரம் ஒதுங்கினேன். சக்கரச் சத்தம் இல்லை. விளக்கு இல்லை. நான் நின்றால் அதுவும் நின்றது. நனைந்த குதிரையின் வியர்வை வாடை. பிடரியில் சூடாக ஒரு மூச்சு...

திரும்பிப் பார்க்கவில்லை. சிற்றாற்றில் ஆழமான ஒரு கசத்தில் பாயோடு வீசினேன். தொப்பென்று விழுந்தது. காதால் கேட்டேன்.

வீடு திரும்பும்போது பின்னால் சத்தம் இல்லை. எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது... தென்காசியைப் பார்த்து.

காலையில் ஏசுதாசனோடு தங்கை வீட்டுக்குள் நுழைகிறேன். பூஜை அறைச் சுவரில் துப்பாக்கி சாய்ந்திருந்தது. நீர் சொட்டியது. ஏசுதாசன் குனிந்து, விரலை வைத்து எண்ணினார்.

"பதினாறு. சண்டையில எடுத்ததுதான் அண்ணாச்சி. நான் பேசுனது தப்பு."

கும்பிட்டுவிட்டுப் போனார். எங்கள் மானம் பிழைத்தது. பிச்சைமணி மட்டும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மச்சான்... பூவை ராவி, துப்பாக்கியைக் கீழ வச்சுட்டு, ரெண்டு கையையும் தூக்கிட்டு நின்னான். நான்தான் சுட்டுட்டேன்."

"வாயைத் திறக்காதேயும் மாப்பிள்ள. பூ இருக்குல்லா? அது போதும்."

"பூ திரும்ப வந்துட்டுன்னா என்ன அர்த்தம்? சரணடைஞ்சதை வாபஸ் வாங்கிட்டான், மச்சான்..."

துப்பாக்கியைப் பார்த்தேன். ஏசுதாசன் எண்ணும்போது மடங்கித்தான் இருந்தது அந்தக் கத்தி.

இப்போது நிமிர்ந்து நின்றது.