எதிரே நிற்க ஓர் ஆள்

சிராங்கூன் சாலைப் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு பேர்.

"உன் கையை உடைச்சதே நான்தான். என்னைப் போய் மறுபடி சிலம்பம் ஆட வாடாங்குறியே" என்றார் மீசைக்காரர்.

குடைக்கம்பைத் தவிர வேறு கம்பு பிடித்தறியாத நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"கை எப்பவோ கூடிடுச்சு மச்சான். பயிற்சி நடக்குற குவீன்ஸ்டவுன் தூரம்னு சாக்கு சொல்லி நீதான் வர்றதில்ல" என்றார் மற்றவர்.

"திரும்பவும் பட்டுட்டா?"

"இப்ப யார் கம்பை ஓங்கினாலும் என் கை தானா பின்னால போகுது. உன் அடியைத் தடுத்தாத்தான் இந்தப் பயம் போகும் லா."

மீசைக்காரர் மணியடித்துவிட்டு எழுந்தார்.

"சனிக்கிழமை எத்தனை மணிக்கு?"

"அஞ்சு. பாவம் பார்த்து மெதுவா அடிச்சே, அப்படியே திரும்பிப் போயிடுவேன்."