அறுபத்திரண்டு பேருக்குக் கண்ணாடி

நம் சங்கச் செயலாளர் இந்த மாத அறிக்கையை அழகாக வாசித்தார். மரக்கன்று நட்டது, பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி கொடுத்தது, ரத்ததான முகாம்... எல்லாம் கேட்டோம். "அறுபத்திரண்டு பேருக்குக் கண்ணாடி வழங்கிப் பார்வை அளித்தோம்" என்றாரே, அப்போது கைதட்டல் அடங்கவே இல்லை. அந்த அறுபத்திரண்டில் ஒருத்தியின் கதை இருக்கிறது. சின்னக் கதைதான், சொல்லிவிடுகிறேன். கேட்ட பிறகும் தட்டத் தோன்றினால் தட்டுங்கள்.

ராமாத்தாள் என்று பெயர். பஞ்சு மில்லில் கூட்டிப் பெருக்குகிற வேலை. வீட்டுக்காரர் மாரப்பனுக்குச் சர்க்கரை வியாதி. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. சிரிஞ்சில் இருக்கிற கோடு எறும்புக் கால் மாதிரி இருக்குமே... அது அவள் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுச் சுலோச்சனாதான் தினமும் மருந்தை ஏற்றித் தருவாள். ஒருநாள் அவளும் சலித்துப்போய்க் கேட்டுவிட்டாள்: "ஏனுங்கக்கா, நான் எங்கம்மா ஊட்டுக்குப் போனா மாமா ஊசி போடாம இருப்பாரா? நீங்க ஒரு கண்ணாடி வாங்கக் கூடாதா?"

அந்தச் சொல்லுக்காகத்தான் ராமாத்தாள் நம் கண் முகாமுக்கு வந்தாள். மருத்துவர் ஒவ்வொருவர் கண்ணையும் தனித்தனியாகச் சோதித்து எழுதினார். அதன்படி கண்ணாடி செய்து, டப்பா மேல் பெயர் ஒட்டி வந்தது. அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை.

வழங்கும் விழா அன்று என்ன நடந்தது? பதினொரு மணிக்கு வர வேண்டிய சிறப்பு விருந்தினர் ஒரு மணிக்கு வந்தார். வந்ததும், இன்னொரு விழாவுக்குப் போக வேண்டும் என்றார். கண்ணாடி டப்பாக்கள் வைத்த தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். பெயர் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தலைவர் என் காதருகே குனிந்தார். "அம்மணி, பேர் தேடிட்டிருந்தா பொழுது போயிரும். கைக்கு வர்றதக் குடுங்க. போட்டோ முடியட்டும், அப்புறம் அவங்களே மாத்திக்குவாங்க."

அவங்களே மாத்திக்குவாங்க! எப்படி மாற்றுவார்கள்? டப்பா மேல் இருக்கிற பெயரைப் படிக்கிற அளவுக்குக் கண் தெரிந்தால், அவர்கள் ஏன் நம்மிடம் வருகிறார்கள்? இதை அந்த நிமிடம் நான் கேட்டேனா? கேட்கவில்லை. கைக்கு வந்ததைக் கொடுத்தேன்.

போட்டோ முடிந்தது. விருந்தினரை வழியனுப்ப நாம் எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். ஜனங்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். ராமாத்தாள் மட்டும் நின்றாள்.

"ஏனுங்க, இந்தக் கண்ணாடியப் போட்டா மங்கலாத் தெரியுதுங்க..."

"புதுக் கண்ணாடி அப்படித்தானுங்க ஆத்தா. பத்து நாள் போட்டீங்கன்னா பழகிரும்" என்றார் செயலாளர்.

நம்பினாள். மேடையில் உட்கார்ந்திருந்தவர்கள் சொன்னால் நம்பத்தானே செய்வாள்? பத்து நாள் எண்ணினாள். பதினோராம் நாள் சாயங்காலம் சுலோச்சனா வந்தபோது, "இனி உனக்குச் சிரமம் வேண்டாஞ் சாமி, எனக்குத்தான் கண்ணாடி இருக்குதே" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். கண்ணாடியை மாட்டினாள். பதினாலாவது கோடு என்று நினைத்துக்கொண்டு இருபத்துநாலாவது கோடு வரைக்கும் மருந்தை இழுத்தாள். புருஷனுக்குத் தன் கையாலேயே போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மாரப்பனுக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. பேச்சுக் குழறியது. அப்படியே சாய்ந்துவிட்டார். சுலோச்சனாதான் ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். மூன்று நாள் ஆஸ்பத்திரி. பிழைத்தார். முருகன் காப்பாற்றினான். நம் சங்கம் காப்பாற்றவில்லை!

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? நம் மாத இதழுக்கு 'பயனாளியின் புன்னகை' என்று ஒரு படம் வேண்டுமாம். எடுத்து வர என்னை அனுப்பினார்கள். நேற்றுத்தான் போனேன். "கண்ணாடியப் போட்டுட்டுக் கொஞ்சம் சிரிங்க" என்று நானும் வெட்கமில்லாமல் சொன்னேன். அவள் டப்பாவை எடுத்து வந்து என் கையில் வைத்தாள். மேலே ஒட்டியிருந்த பெயர் ஆறுக்குட்டி. அதன் கீழே, 'தூரப் பார்வைக்கு'.

நாங்கள் செய்த தவறைச் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "அப்ப எங் கையில தப்பில்லையாங்க? இத்தன நாளா எங் கையப் பாத்தே பயந்துட்டிருந்தனுங்க... அவருக்குச் சோறு போடக்கூடக் கூசுச்சுங்க" என்று அழுதாள்.

நான் கேட்கிறேன். நாம் எல்லோரும் கோயிலுக்குப் போகிறவர்கள். அர்ச்சனைத் தட்டை நீட்டிப் பெயரும் நட்சத்திரமும் சொல்கிறோம். குருக்கள் நம் பிள்ளையின் பெயரை மாற்றிச் சொன்னால் சும்மா நிற்போமா? "சாமி, அது இல்லீங்க!" என்று அத்தனை கூட்டத்திலும் சத்தம் போட்டுத் திருத்துவோம். எல்லாப் பெயரும் தெரிந்த கடவுளிடமே நம் பெயருக்கு அத்தனை கவனம்! ஏழையின் பெயர் என்றால் மட்டும்... கைக்கு வந்தது போதுமா? யாருக்கு என்று பார்க்காமல் கொடுப்பதற்குப் பெயர் தானமா? பாரத்தை இறக்கிவிட்டுப் போவதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

அந்த வரியை அறிக்கையிலிருந்து அடியுங்கள். அறுபத்திரண்டு பேருடைய முகவரியும் என்னிடம் இருக்கிறது. இங்கே முப்பத்தொரு பேர் உட்கார்ந்திருக்கிறோம். ஆளுக்கு இரண்டு வீடு. டப்பாவை வாங்கி, பெயரைப் படித்து, உரியவர் கையில் கொடுத்து, போட்டுப் பார்க்கச் சொல்லி, தெரிகிறதா என்று கேட்டுவிட்டு வர வேண்டும். கேமரா வேண்டாம்.

நாளைக்குப் பார்க்கலாம் என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. இன்று காலை அந்த ஆறுக்குட்டியைத் தேடிப் போனேன். வீட்டில் அவர் மனைவி இருந்தார். "லாரி எடுத்துட்டு ஓசூர் போயிருக்காருங்க. உங்க சங்கத்துல குடுத்த கண்ணாடியத்தான் போட்டுட்டுப் போனாரு" என்றார். அவருடைய கண்ணாடி இதோ என் கையில் இருக்கிறது; அவர் போட்டுக்கொண்டு போனது யாருடையதோ! போன் அடித்துக்கொண்டே இருக்கிறேன்... எடுக்கவில்லை.

எழுந்திருங்கள்.