எத்தனை நாளாக இப்படி?

என் அக்கா சமைத்தால் உப்பு எப்போதும் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். நான் முகம் சுளித்தால், "உனக்கு நாக்கு நீளம்டா, பேசாம சாப்பிடு" என்பாள். இரத்தத்தில் உப்புச்சத்து, அதாவது சோடியம், குறைந்தால் மூளை என்ன ஆகிறது என்று ஆராய்ச்சி செய்கிறவனுக்கு இப்படி ஓர் அக்கா. ஆராய்ச்சிக்கூடத்தில் நான் எலிகளோடு காலம் தள்ளுவதால் எனக்கு எலி டாக்டர் என்று பெயர் வைத்திருந்தாள். கடைத்தெருவில் நாலு பேர் முன்னாலும் அப்படித்தான் கூப்பிடுவாள். எனக்கு அது பிடிக்கும்.

நீங்கள் கேட்டதால் முதலிலிருந்து சொல்கிறேன். அம்மா போனபோது எனக்குப் பால் பல்கூட விழவில்லை. அக்காதான் வளர்த்தாள். எனக்காகவே கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அவளுக்கு ஐம்பது தாண்டிய பிறகு, படிக்கிற கண்ணாடி மாற்றப் போன இடத்தில் அந்தக் கண்ணாடிக் கடைக்காரரோடு பழக்கமாகி, கல்யாணப் பேச்சு வரை போய்விட்டது. மனைவியை இழந்தவர், நல்ல மனிதர். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

"கொஞ்ச நாள் எனக்காகவும் இருந்து பாக்கறேன்டா," என்றாள் ஒருநாள், துணி மடித்துக்கொண்டே. "நீ என்ன சின்னப் புள்ளையா?"

அவள் போய்விட்ட வீட்டை நினைத்துப் பார்த்தேன். பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சிலருக்கு அது சோடியத்தைக் கீழே இறக்கிவிடும். அக்காவுக்கும் இறக்கியது. நடை தள்ளாடியது, பேச்சு குழறியது, கண்ணாடிக் கடைக்காரர் யாரென்றே பிடிபடவில்லை. நான் வேலைக்குக் கிளம்பும்போது சட்டையைப் பிடித்துக்கொண்டு, "எங்கயும் போகாதடா" என்றாள். நான் வளர்ந்த பிறகு அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். குடும்ப டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்தினார். சீக்கிரமே பழைய அக்கா ஆகிவிட்டாள். கல்யாணப் பேச்சும் கூடவே திரும்பி வந்தது.

நிறுத்தச் சொன்ன மாத்திரையை நான் தூக்கிப் போடவில்லை. சத்து மாத்திரை என்று சொல்லித் தினமும் கொடுத்தேன். என் கையால் எது கொடுத்தாலும் வாங்கிப் போட்டுக்கொள்வாள். சமையலையும் நானே கற்றுக்கொண்டு, உப்பைப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். எலிகளை எந்த அளவில் நிறுத்துவேனோ அதே அளவில்தான் அவளையும் நிறுத்தினேன். வலிப்பு இல்லை, மயக்கம் இல்லை. கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். அவ்வப்போது இரத்தம் எடுத்துச் சரிபார்த்தேன். இதைவிடக் கவனமாக ஒரு தம்பி எப்படிப் பார்த்துக்கொள்ள முடியும்?

கண்ணாடிக் கடைக்காரர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தால், "யாருப்பா இவரு?" என்று என்னைக் கேட்பாள். அவர் முகம் தொங்கிப் போகும். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. டாக்டரிடம் காட்டி வருகிறேன் என்று அவரிடம் சொல்லிவைத்தேன். கல்யாணத்தைத் தள்ளிப் போட்டார்கள். அவர் வருவதை மட்டும் நிறுத்தவில்லை.

மாதக்கணக்கில் நிம்மதியாகப் போனது. பிறகு அவளுக்கு வாந்தியும் பேதியும் வந்து, உடம்பில் இருந்த கொஞ்சநஞ்ச உப்பும் போய்விட்டது. வலிப்பு வந்தது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஓடினேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"எத்தனை நாளா இப்படி இருக்காங்க?" என்று கேட்டார் அங்கிருந்த இளம் டாக்டர்.

அது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. சோடியம் திடீரென்று இறங்கியிருந்தால் வேகமாக ஏற்றலாம். பல நாளாக இறங்கிக் கிடந்தால், மூளை அந்தக் குறைவுக்கே பழகிப் போயிருக்கும். மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் முதலில் குணமாகிவிட்டது போலத் தெரியும். இரண்டு மூன்று நாளில் மூளையின் அடித்தண்டு கெட்டு, உடம்பு முழுக்கச் செயலற்றுப் போகும். என் ஆராய்ச்சியே இதுதான். அந்தக் கட்டடத்தில் இதைப் பற்றி என்னளவுக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை.

மாதக்கணக்காக என்று சொன்னால், ஏன் முன்பே கூட்டி வரவில்லை என்பார்கள். மாத்திரை விஷயம் வெளியே வரும். அக்கா என்னை விட்டுப் போய்விடுவாள்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்க, டாக்டர்," என்றேன்.

வேகமாக ஏற்றினார்கள். நான் பக்கத்தில் நின்று சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அக்கா தெளிவாகக் கண் விழித்தாள்.

"என்ன எலி டாக்டர், மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு? பசிக்குதுடா, உப்பா ஏதாவது வாங்கிட்டு வா. அப்படியே அவருக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லு."

இளம் டாக்டர் சிரித்துவிட்டார். அப்போதுகூட நேரம் இருந்தது. ஏற்றியதை உடனே திரும்பக் கொஞ்சம் இறக்கினால் தப்பிக்க வழியுண்டு. என் எலிகளில் பாதி அப்படிப் பிழைத்தவைதான். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். வராந்தாவில் டாக்டரின் பின்னாலேயே நடந்தேன். அவர் திரும்பி, "என்ன சார்?" என்றார்.

"ஒண்ணுமில்ல, ரொம்ப நன்றி," என்றேன்.

நான் என்ன செய்யட்டும்? கண் விழித்ததும் அவள் தேடியது அவரைத்தானே.

அதற்குப் பிறகு எல்லாம் என் எலிகளுக்கு நடந்தது போலவே நடந்தது. முதலில் பேச்சு போனது. பிறகு விழுங்க முடியவில்லை, கை போனது, கால் போனது. கண் மட்டும் மிஞ்சியது. வீட்டுக்குக் கொண்டு வந்தேன். குழாய் வழியாக நானே ஊட்டுகிறேன், நானே புரட்டிப் படுக்க வைக்கிறேன். படுக்கைப்புண் ஒன்றுகூட வந்ததில்லை. சில நேரம் என்னைப் பார்த்துக் கண்ணீர் விடுவாள், துடைத்துவிடுவேன்.

கண்ணாடிக் கடைக்காரர் விடாமல் வந்தார். கடையில் கண் பரிசோதிக்க வைத்திருக்கும் எழுத்து அட்டையை ஒருநாள் கொண்டு வந்தார். நான் சாமான் வாங்கப் போன நேரங்களில் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக் காட்டியிருக்கிறார். வேண்டிய எழுத்து வந்ததும் அவள் கண்ணை மூடித் திறந்திருக்கிறாள். பிறர் கண்ணைப் பார்த்தே பிழைக்கிறவருக்கு அது தோன்றியிருக்கிறது, எனக்குத் தோன்றவில்லை. சத்து மாத்திரை விஷயம் அப்படித்தான் உங்களிடம் வந்து சேர்ந்தது. உள்ளே அவளுக்கு எல்லாம் தெளிவாகவே இருக்கிறது. அது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

"அவனை என் பக்கத்துல விடாதீங்க" என்று அவள் சொன்னதாகவும் படித்துக் காட்டினீர்கள். கோபம் வந்தால் அப்படித்தான் ஏதாவது சொல்வாள், சாப்பிட்டதும் சமாதானமாகிவிடுவாள்.

ஆமாம், எல்லாம் தெரிந்தே செய்தேன். வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், ஆனால் கொஞ்சம் சீக்கிரம். அவளுக்குச் சாயங்காலச் சாப்பாட்டு நேரம் ஆகிறது. அந்த மனிதருக்கு ஒரு அளவும் தெரியாது, அவள் கேட்டால் தூக்கலாகவே போட்டுவிடுவார். அவளுக்கு உப்பு அளந்து போட என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?